மூன்றாம் மாடி வராந்தாவும் ஒரு ஜோடிக் காலும்

அந்தக் கட்டடத்தில் விளக்கை அணைக்கும் வேலை, இருட்டென்றாலே உயிர் போகும் ஒருத்தியிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஒப்படைத்தவர்களுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் மாற்றியிருப்பார்களா என்ன?

தரைத்தளத்தில் ஒலிப்பதிவு, நடுவில் இரண்டு மாடியும் அலுவலகம், மூன்றாம் மாடியில் சினிமாப் படங்களை வெட்டி ஒட்டும் அறைகள். காலையில் பூட்டைத் திறப்பது, கூட்டித் துடைப்பது, எல்லோருக்கும் டீ போடுவது, சாயங்காலம் ஆறரைக்கு அத்தனை விளக்கையும் அணைத்துப் பூட்டுவது. பன்னிரண்டு வருஷமாக இதுதான் அவள் உத்தியோகம். மற்ற மாடிகளில் தொல்லை இல்லை. மூன்றாம் மாடி வராந்தாதான் அவளுக்கு ஜென்ம விரோதி. அதற்கு ஜன்னலே கிடையாது. படிக்கட்டு இந்தக் கோடியில், சுவிட்ச் அந்தக் கோடியில். எந்தப் புண்ணியவான் ஒயரிங் செய்தானோ, அவன் ஒருநாளும் அங்கே விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பி நடந்ததில்லை என்பது மட்டும் நிச்சயம்.

சுவிட்சைத் தட்டிய பிறகு படிக்கட்டுக்குப் பதினெட்டு அடி. ஓடினால் விழுந்துவிடுவோம் என்று பயம். நடந்தால் எதுவோ பின்னால் வரும் என்று பயம். அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். மறுநாள் வாங்க வேண்டிய சாமான்களை உரக்கச் சொல்லிக்கொண்டே நடப்பாள். "டீத்தூள், சர்க்கரை, பினாயில், துடைப்பம், பல்பு ரெண்டு!" பல்பு என்று சொல்லும்போது கால் முதல் படியில் இருக்கும். அங்கிருந்து அவள் இறங்கும் வேகத்தைப் பார்த்தால் ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்பலாம்.

வீட்டிலும் இதே கதைதான். நடையில் எரியும் விளக்கு கல்யாணமான நாளிலிருந்து அணைந்ததில்லை. அவள் புருஷன் பஸ் டிரைவர். வண்டியைப் போலவே குரலும்.

"நாற்பத்தாறு வயசாச்சு, இன்னும் லைட் இல்லாம பாத்ரூம் போகத் தெரியல. தொடைநடுங்கி!" என்று விருந்தாளிகள் முன்னால் சொல்லிச் சிரிப்பான். அவளும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பாள். வேறென்ன செய்வது?

இப்படிப்பட்டவள் திகில் படம் எடுக்கும் கூட்டத்துக்கு எப்படி வேண்டப்பட்டவள் ஆனாள் என்பது தனிக்கதை. ஒருநாள் மத்தியானம் மூன்றாம் மாடி அறைக்கு டீ கொண்டுபோனாள். உள்ளே இருட்டு. திரையில் ஒரு பெண் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நமக்கெதற்கு வம்பு என்று திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. கிணற்றிலிருந்து கை வந்தது. அவள் போட்ட அலறலில் தரைத்தளத்து ஒலிப்பதிவே கெட்டுப்போனது. டீ முழுவதும் டைரக்டர் மடியில்.

அந்த டைரக்டர் பருத்த ஆள். பேய்ப்படம் தவிர வேறு எதுவும் எடுத்ததில்லை. கட்டடத்தில் எல்லோரும் அவரைப் பேய் சார் என்றுதான் சொல்வார்கள். அவருக்கும் அதில் பெருமைதான். சுடச்சுட டீ கொட்டியும் அவர் துள்ளிக் குதித்தது வலியால் அல்ல, சந்தோஷத்தால்.

"பார்த்தியா? பார்த்தியா? வேலை செய்யுது!" என்று பக்கத்திலிருந்த ஆளை உலுக்கினார்.

பக்கத்திலிருந்தவன் படத்தை வெட்டுகிறவன். ஒல்லியானவன், பேச்சு குறைவு, பெயர் கத்திரி. அவன் பார்த்தது வேறு. அலறுவதற்கு இரண்டு வினாடி முன்னாலேயே அவள் வாசற்படியில் ஒரு காலைத் தூக்கிவிட்டாள் என்பதை அவன் கவனித்திருந்தான்.

"அக்கா, நாளைக்கும் வந்து கொஞ்ச நேரம் உட்காருங்க" என்றான்.

அப்படித்தான் இரண்டாவது வரிசையில் ஓர நாற்காலி அவளுடையதானது. அவர்கள் எந்தப் படத்தை ஓட்டிப் பார்த்தாலும் அவள் வரவேண்டும். படம் ஓடும்போது கத்திரி திரையைப் பார்க்கமாட்டான். திரை வெளிச்சத்தில் அவள் கால்களைத்தான் பார்ப்பான். பயம் லேசாக வந்தால் கட்டைவிரல் மடங்கும். கொஞ்சம் ஏறினால் ஒரு கால் தரையை விட்டுக் கிளம்பும். உச்சத்துக்கே போனால் இரண்டு காலும் நாற்காலிமேல் ஏறி, முட்டி தாடையில் இடிக்கும். தரையில் விட்டு வைத்தால் ஏதாவது பிடித்து இழுத்துவிடுமே! கத்திரியிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதில் நேரத்தை எழுதி, பக்கத்தில் ஒரு கால் அல்லது இரண்டு கால் படம் வரைந்து வைப்பான். கால் இல்லாத இடத்தில் காட்சியை இன்னும் இழுப்பான், அல்லது தூக்கியே எறிந்துவிடுவான். இந்த நோட்டை வைத்துக்கொண்டு வெட்டிய மூன்று படங்களும் ஓட்டமாய் ஓடின. மீட்டர் அக்கா என்ற பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது.

வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்: அந்த நாற்காலிமேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. வீட்டில் புது சோபா வாங்கினபோது அவளைக் கேட்டதில்லை. கட்டடத்துக்குப் பெயிண்ட் அடித்தபோது கேட்டதில்லை. இங்கே மட்டும் விளக்கு வந்ததும் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பும். "அக்கா, எந்த இடத்துல பயந்தீங்க? ஏன்?" என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். உலகத்திலேயே அவள் பயத்தைப் பார்த்துச் சிரிக்காத இடம் அது ஒன்றுதான்.

நான்காவது படத்தில்தான் சனி பிடித்தது.

ஒரு வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தால் அதன் சூட்சுமம் பிடிபடாமல் போகுமா? அவளுக்கும் பிடிபட்டுவிட்டது. காற்றுச் சத்தமும் பூச்சிச் சத்தமும் மெல்ல அடங்கினால், வரப்போகிறது என்று அர்த்தம். முதலில் வருவது வெறும் பூனை. பூனைதானே என்று மூச்சு விடுகிறோம் பாருங்கள், அப்போதுதான் நிஜமானது வரும். கதாநாயகி திரையின் ஒரு ஓரமாக நின்று மறுபாதி இருட்டாகக் கிடந்தால், அந்தக் காலியிடம் யாருக்கோ போட்டு வைத்த நாற்காலி. அந்தச் சாமர்த்தியமெல்லாம் தெரிந்துபோனதும் பயம் கழன்றுகொண்டது. முதலில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒருநாள் சாயங்காலம் வீட்டு நடை விளக்கை, கல்யாணமான பிறகு முதல்தடவையாக, தன் கையாலேயே அணைத்தாள். புருஷன் வந்து சோபாவில் முட்டியை இடித்துக்கொண்டு கத்தினான். அது கூடுதல் சந்தோஷம்.

மறுநாள் புதுப் படம். ஒன்றரை மணி நேரம் ஓடியது. அவள் கால் இரண்டும் தரையில் பசை போட்டு ஒட்டியதுபோல இருந்தன. கத்திரியின் பென்சில் அசையவேயில்லை. பேய் சார் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னக்கா, பழகிப்போச்சா? அப்போ வேற மீட்டர்தான் தேடணும் போல" என்றான் கத்திரி. விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அவளுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. டீ கப்புகளை அடுக்கியபடி அந்த நாற்காலியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து, கொஞ்சம் மாற்றி மறுபடி ஓட்டினார்கள். வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறாள். அலமாரிக் கதவு தானாகத் திறக்கிறது. சுண்ணாம்பு பூசிய முகத்தோடு ஓர் உருவம் பாய்கிறது. நம் அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்தாள். போதாததற்கு "ஐயோ" என்று ஒன்றும் போட்டாள்.

"ரெண்டு கால்!" என்று பேய் சார் எழுந்தே விட்டார். "மீட்டர் சொல்லியாச்சு, இனிமே அப்பீலே கிடையாது!"

கத்திரி மட்டும் பென்சிலைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு வரைந்துவிட்டான். அவளும் நாற்காலி தப்பித்தது என்று நிம்மதியாகப் போய்ப் பாத்திரம் கழுவினாள்.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வெளியாட்கள் அறுபது பேரைக் கூட்டிவந்து படத்தைக் காட்டினார்கள். அலமாரி திறந்தது. உருவம் பாய்ந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு ஆள், "பாவம், உள்ளே எவ்வளவு நேரமா வேர்த்துக்கிட்டு நின்னுச்சோ!" என்றான். அறுபது பேரும் கொல்லென்று சிரித்தார்கள். அதற்குப் பிறகு பூனை வந்தாலும் சிரிப்பு, கதவு திறந்தாலும் சிரிப்பு. கடைசிக் காட்சியில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரித்து வந்த கண்ணீர்.

அன்று மத்தியானம் பேய் சார் மூன்றாம் மாடி மூலையிலிருந்த டீ போடும் அறைக்கே வந்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். படம் வெளியாக மூன்று வாரம்தான் இருந்தது. பின்னாலேயே வந்த கத்திரி கதவில் சாய்ந்து நின்றான்.

"தப்பு என்னுதுதான்" என்றார் பேய் சார். அந்தப் பெரிய உடம்புக்குள் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. "மீட்டர் சரியாத்தான் காட்டிச்சு. அவங்க ரெண்டு காலையும் தூக்கினாங்க. அதுக்கப்புறம் நான் சத்தத்தைக் கூட்டினேன் பாரு, அதுல கெட்டுப்போச்சு. எனக்கு இந்தத் தொழில் தெரியலப்பா. இதோட விட்டுடறேன்."

அவள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்தால் நாற்காலி மிஞ்சும். ஆனால் மனுஷன் செய்யாத தப்பைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போகிறாரே! டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சார், மீட்டர் பழுது."

"என்னம்மா?"

"அன்னைக்கு நான் பயப்படவே இல்ல சார். வேணும்னேதான் காலைத் தூக்கினேன். அந்த நாற்காலி கைவிட்டுப் போயிடுமேன்னு…"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பேய் சாருக்குக் கோபம் வந்தது, வராமல் இருக்குமா? காணாமல் போன குரல் முழுசாகத் திரும்பி வந்தது. மூன்று வருஷ நம்பிக்கை, முப்பது பேர் உழைப்பு என்று அறை அதிர ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தார். அவள் தலையைக் குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டாள். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது கத்திரி மெதுவாகக் கேட்டான்.

"இப்போ உங்களுக்கு எதைப் பார்த்தாலும் பயமே இல்லையாக்கா?"

"படத்துல இல்ல தம்பி. வீட்டுலயும் இல்ல. இந்த வராந்தா மட்டும்தான் விடமாட்டேங்குது."

"ஏன்? அங்க என்ன வருது?"

"ஒண்ணும் வராது. அதான் தம்பி கஷ்டம். ஏதாவது வந்துட்டா, சரி இவ்வளவுதானான்னு போயிடுமே. நான் பாட்டுக்கு, நாளைக்கு வாங்க வேண்டிய டீத்தூள், சர்க்கரை, பினாயில், துடைப்பம்னு சாமான் பேரெல்லாம் சொல்லிக்கிட்டே நடப்பேன். கடைசியா பல்பு ரெண்டுன்னு சொல்லணும். சில நாள் மூச்சு முட்டி, துடைப்பம்ங்கிறதோட நின்னுடும். அப்போதான் குலை நடுங்கும்."

"நின்னுட்டா என்ன?"

"மிச்சத்தை பின்னாடியிருந்து வேற யாராவது சொல்லிடுவாங்களோன்னு."

கத்திரியின் கைமயிர் சிலிர்த்து நின்றதை அவளே பார்த்தாள். பேய் சார் முக்காலியிலிருந்து எழுந்து வராந்தாவுக்குப் போனார். அந்தக் கோடிக்கு நடந்து சுவிட்சைத் தட்டினார். "டீத்தூள், சர்க்கரை" என்று அவர் குரல் இருட்டில் கிளம்பியது. பினாயில் வந்தது, துடைப்பம் வந்தது. பிறகு சத்தம் இல்லை. அடுத்த நொடி தடதடவென்று ஒரே ஓட்டம். படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியவர், வேர்த்த முகத்தோடு சிரிக்க ஆரம்பித்தார். பேய்ப்படமாகவே எடுத்து ஊரையே பயமுறுத்திய ஆள், ஒரு துடைப்பத்துக்கு அப்புறம் தாக்குப்பிடிக்கவில்லை.

"அலமாரியைத் தூக்கு!" என்றார். "இதைப் பிடிக்கலாம்."

செவ்வாய்க்கிழமை காலை வராந்தாவில் கேமரா வந்து நின்றது. இருட்டைக் காட்டுவதற்கு ஆறு விளக்கு கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நடிகை வந்து நடந்தாள். அழகாகத்தான் நடந்தாள். ஆனால் ஃபோட்டோவுக்கு நிற்கிற முதுகு வேறு, பயப்படுகிற முதுகு வேறு. நாலு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு, "முதுகுதானே தெரியப்போகுது, அக்காவே நடக்கட்டும்" என்றான் கத்திரி. நடிகையின் உடையை அவளுக்குப் போட்டுவிட்டார்கள்.

"நடிக்கக் கூடாது, சரியா?" என்றார் பேய் சார்.

"ஐயையோ, நடிச்சுத்தானே சார் மாட்டிக்கிட்டேன்!"

நடந்தாள். டீத்தூள், சர்க்கரை, பினாயில், துடைப்பம். அதோடு நிறுத்தச் சொல்லியிருந்தார்கள்; நிறுத்தினாள். தோள் தானாகச் சுருங்கி, கழுத்து உள்ளே இழுத்துக்கொண்டது. இருபது பேர் கூட நின்றும் அவள் முதுகு அவர்களை நம்பவில்லை.

வெட்டும்போது ஒரு சண்டை நடந்தது. பின்னாலிருந்து ஒரு குரல் "பல்பு ரெண்டு" என்று சொல்லியே தீரவேண்டும் என்றார் பேய் சார். கூடவே கூடாது என்றான் கத்திரி.

"நாம சொல்லிட்டா அது நம்ம பேய், சார். சொல்லலேன்னா அவங்கவங்க பேய். படத்து ஆரம்பத்துல, நல்ல பகல் வெளிச்சத்துல, அவ இந்த லிஸ்டை முழுசாச் சொல்லட்டும். அதை ஜனங்க காதுல போட்டு வச்சுடுவோம். இருட்டுல அவ பாதியில நிறுத்தினதும், தியேட்டர்ல ஒவ்வொருத்தரும் மிச்சத்தை மனசுக்குள்ள சொல்லிப்பாங்க. சொன்ன குரல் யாரோடதுன்னு அவங்களுக்கே சந்தேகம் வரும்."

பேய் சார் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எத்தனை நேரம் சும்மா விடுவீங்க?"

"ஆறு வினாடி" என்றான் கத்திரி.

"பத்தாது. ஒன்பது விடுங்க."

ஒன்பது வினாடி, வெறும் இருட்டு, ஒரு முதுகு. அதற்குப் பிறகு அவள் படி இறங்கிப் போகிறாள், ஒன்றுமே வருவதில்லை. அவ்வளவுதான்.

படம் வெளியான அன்று காலைக் காட்சிக்கு அவளைப் புருஷனோடு கூட்டிப்போனார்கள். அவளுக்கு மட்டும் வழக்கமான நாற்காலி இல்லை. திரைக்குப் பக்கத்தில், ஜனங்களைப் பார்த்தபடி ஒரு ஸ்டூல் போட்டிருந்தான் கத்திரி. கையில் நோட்டையும் பென்சிலையும் கொடுத்தான்.

"மீட்டர் பழுதுன்னு யாருக்கா சொன்னது? இனிமே மீட்டரை நீங்கதான் படிக்கணும். ஒவ்வொரு படத்துக்கும்."

அவள் நோட்டை மடியில் விரித்துக்கொண்டாள். பதில் சொல்வதற்குள் விளக்கு அணைந்துவிட்டது.

படம் ஓடியது. வராந்தா வந்தது. முதுகு வந்தது. துடைப்பம் என்ற சொல்லோடு தியேட்டரே மூச்சை நிறுத்தியது. திரையின் மங்கல் வெளிச்சத்தில் அவள் கீழே பார்த்தாள். முன்வரிசையில் ஒரு செருப்பு மெல்லத் தரையை விட்டுக் கிளம்பியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசை வரிசையாக, கொலுசுக் கால், ஷூ போட்ட கால், வெறுங்கால், எல்லாம் நாற்காலிமேல் ஏறின. எண்ணி மாளவில்லை. அழுகையும் சிரிப்புமாக அவள் பென்சிலைப் பிடித்திருந்தாள். நாலாவது வரிசையில் அவள் புருஷன் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கால் இரண்டும் தரையில். "என்னமோ பெரிசா சொன்னே, ஒண்ணும் பயமா இல்லையே" என்று வெளியே வந்ததும் சொல்லவும் சொன்னான்.

சரி என்று விட்டுவிட்டாள். ராத்திரி பதினொரு மணிக்கு அவன் கொல்லைக் கதவைச் சாத்தப் போனான். அவன் தலை மறைந்ததும் அவள் நடை விளக்கை அணைத்துவிட்டு, சோபாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. திரும்பி வரும் காலடி கேட்டது. பாதி நடையில் காலடி தயங்கியது. பிறகு, வண்டியைப் போன்ற அந்தக் குரல், வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயரமாகக் கிளம்பியது.

"டீத்தூள்… சர்க்கரை… பினாயில்… துடைப்பம்…"

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஏழு, எட்டு, ஒன்பது என்று மனசுக்குள் எண்ணினாள். பிறகு ஓசையில்லாமல் நெருங்கி, அவன் காதுக்குப் பின்னாலிருந்து, ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

"பல்பு ரெண்டு."

அவன் போட்ட அலறலில் பக்கத்து வீட்டு விளக்குகள் எல்லாம் எரிந்தன. அவள் நடை விளக்கைப் போட்டாள். பஸ் டிரைவர் சோபாமேல் ஏறி, முட்டி தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தான்.

அவள் நிதானமாகப் போய் நோட்டை எடுத்துவந்தாள். அவன் எதிரிலேயே உட்கார்ந்து, நேரம் எழுதி, பக்கத்தில் கொழுகொழுவென்று இரண்டு கால் வரைந்தாள்.